சிஎன்சி ரவுட்டரில் வளைவு மட்டும் தழும்பு தழும்பாக வருவது ஏன்?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், சிஎன்சி ரவுட்டரில் (கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் மெஷின்) படகுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் சட்டம் வெட்டுகிறோம். நேர்கோடு சுத்தமாக வருகிறது, வளைவில்தான் தழும்பு. ஃபீடைக் (பிட் நகரும் வேகத்தை) குறைத்தும் தீரவில்லை.

ஃபீடை மட்டும் குறைத்தால் பிளைவுட் கருகத்தான் செய்யும். முதலில் ஃபைலைப் பாருங்கள். வளைவு குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைந்திருந்தால் மெஷின் முனைக்கு முனை தயங்கும். கேம் (வெட்டும் பாதையைத் தயாரிக்கும் மென்பொருள்) டாலரன்ஸை, அதாவது வளைவிலிருந்து பாதை விலகலாம் என்ற அளவை, 0.02 மி.மீ. ஆக்கி, ஜி2, ஜி3 கட்டளைகளில் வட்ட வில்களாக எடுங்கள். மெஷினை இயக்குவது மாக்3 மென்பொருள் என்றால், முனைக்கு முனை நிற்கும் ஜி61 வேண்டாம், நிற்காமல் ஓடும் ஜி64 போடுங்கள்.

6 மி.மீ. இரண்டு பல் பிட்டுக்கு 18,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று), நிமிடத்துக்கு 3,600 மி.மீ. ஃபீட், அதாவது பல்லுக்கு 0.1 மி.மீ. சீவல். ஓரத்தில் 0.3 மி.மீ. விட்டு வெட்டி, கடைசிச் சுற்றில் எடுங்கள்.

வட்டத்தின் நான்கு திசைகளில் மட்டும் தழும்பா? அது பேக்லாஷ், அதாவது மெஷின் திசை மாறும்போது தெரியும் தளர்வு. செட்டிங்கை நோண்டிப் பயனில்லை. மெஷினை நகர்த்தும் திருகுத்தண்டான பால் ஸ்க்ரூவின் நட், அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கை இறுக்கிப் பாருங்கள். நம் உப்புக்காற்றுக்கு பால் ஸ்க்ரூவைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைக்கவும் வேண்டும்.