நீங்கள் பறித்தது குப்பைமேனி இல்லை

வணக்கம் சகோதரி. தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேனி என்று நினைத்துப் பறித்தேன், கை நெருப்பாக எரிந்தது, செடியை அடையாளம் காட்டும் கைப்பேசிச் செயலி ஐரோப்பாவின் கொட்டும் செடி (அர்ட்டிகா) என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செயலியை விடுங்கள். அந்த ஐரோப்பியச் செடிக்கு ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே இருக்கும். உங்கள் படத்தில் மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கின்றன. என் கணிப்பில் இது தொட்டால் எரியும் காஞ்சொறி வகை, தாவரவியல் பெயர் லப்போர்ட்டியா. மலாய்க்காரர்கள் ஜெலாத்தாங் என்பார்கள்.

குப்பைமேனியோடு குழம்புவது சகஜம்தான். அதற்கும் இலை மாறி மாறித்தான், ஓரத்தில் பல். பூக்கதிரைப் பாருங்கள். குப்பைமேனியில் பூவைத் தாங்கிச் சின்னச் சின்னப் பச்சைக் கிண்ணங்கள் இருக்கும். இதில் கிண்ணமே கிடையாது. நூல் மாதிரி நீண்ட கதிரில் பூக்கள் இடைவெளி விட்டுக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அப்புறம், தொடாமல் குனிந்து தண்டை வெயிலுக்கு எதிரே பாருங்கள், கண்ணாடி ஊசி போல முடிகள் மின்னும். நுனி உடைந்து தோலுக்குள் நஞ்சை இறக்குவது அவைதான்.

நானும் செம்பனைக்கு அடியில் புல் வெட்டும்போது பட்டு, துணியால் பரபரவென்று தேய்த்தேன். முட்டாள்தனம், முடி இன்னும் உள்ளே போனது. தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே கிளினிக். மிச்சச் செடியைக் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.