கழுதையைச் சுட்டுவிடும் அந்த இத்தாலியப் படம்

போர்க்காலத்தில் கிரேக்கத் தீவு ஒன்றில் மாட்டிக்கொள்ளும் சிப்பாய்கள் ஒரு கழுதையைச் சுட்டுவிடும் படம் எது என்று கேட்டிருந்தீர்கள். அது ‘மெடிடரேனியோ’. 1991, இயக்கம் கப்ரியேலே சல்வதோரெஸ்.

கிரேக்கப் படங்களில் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது, தீவுதான் கிரேக்கம், படம் இத்தாலிய மொழி.

உறுதி செய்ய ஒரு காட்சி: ராத்திரிக் காவலில் சிப்பாய்கள் அடையாளச் சொல் கேட்கிறார்கள், இருட்டிலிருந்து பதில் வரவில்லை, சுட்டுவிடுகிறார்கள், பார்த்தால் செத்துக் கிடப்பது கழுதை (அது எப்படிப் பதில் சொல்லும், பாவம்). அதை வளர்த்த சிப்பாய் ஆத்திரத்தில் ரேடியோவை உடைக்க, அப்புறம் போர் என்ன ஆனது என்றே தெரியாமல் தீவிலேயே கிடக்கிறார்கள். இது ஞாபகம் வந்தால் அதேதான்.

பதுங்குகுழி, கருப்பு வெள்ளை, இரண்டு சோம்பேறிச் சிப்பாய்கள் என்று ஞாபகம் இருந்தால் மட்டும் அது வேறு. 1959இல் வந்த ‘லா கிராந்தே குவெர்ரா’, முதல் உலகப் போர்க் கதை.