ஒரே எண், இரண்டு பெயர்: எந்தத் தாளை நம்புவது?

வணக்கம். உலர்ந்த செடி ஒட்டிய இரண்டு தாள்களிலும் சேகரித்தவர், சேகரிப்பு எண், தேதி எல்லாம் ஒன்றுதான். ஆனால் கோவை ஹெர்பேரியத் (உலர்தாவரக் காப்பகம்) தாளில் ஒரு செடிப் பெயர், திருச்சி ராபினாட் ஹெர்பேரியத் தாளில் வேறு பெயர் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் இவை ஒரே சேகரிப்பின் பிரதிகளாக இருக்கும். ஒரு எண்ணில் பல தாள்கள் அழுத்தி மற்ற ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது பழைய வழக்கம். பிறகு ஒரு நிபுணர் ஓரிடத்துக்கு மட்டும் வந்து பெயரைத் திருத்தியிருப்பார், அந்தச் செய்தி மற்ற இடத்துக்குப் போயிருக்காது.

முதலில் லேபிளுக்கு அருகே ஒட்டிய திருத்தச் சீட்டுகளில் யார், எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆனால் புதிய சீட்டுதான் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். ஒத்த தோற்றமுள்ள இரண்டு இனங்கள் ஒரே எண்ணில் கலந்துவிடுவதும் உண்டு, அப்போது இரண்டு பெயருமே சரியாக இருக்கலாம். அதனால் இரண்டு தாளிலும் பூ, காயை நீங்களே ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஒரே இனம்தான் என்று உறுதியானால், பரவல் வரைபடத்தில் ஒரே பதிவாக எண்ணுங்கள். ஆய்வேட்டில் எம்.எச். (MH, கோவை), ஆர்.எச்.டி. (RHT, திருச்சி) என்ற இரு ஹெர்பேரியக் குறியீடுகளையும் குறிப்பிடுங்கள்.

அப்புறம், இரண்டு காப்பாளர்களுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் படங்களோடு எழுதுங்கள். பழைய லேபிளில் மட்டும் தயவுசெய்து எதையும் எழுதிவிடாதீர்கள்.