சாம்பல் லாரிக்காரர் மகள் என்ன படிக்கலாம்?

கேள்வி: சங்ககிரியில் இரண்டு பல்கர் லாரி (தூளை ஏற்றும் டாங்கி லாரி) ஓட்டுகிறேன். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலை சிமெண்ட் ஆலைக்கு ஏற்றும் வேலை. மகள் அரசுப் பள்ளியில் கணிதம்-உயிரியல் எடுத்து ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். "பூமி சூடாகுதுங்கப்பா, நிலக்கரியை எல்லாம் மூடிருவாங்க, நாம சாப்பிடறது சாம்பல் காசு" என்று தினமும் சொல்கிறாள். ராத்திரி தூங்காமல் வெள்ளம், காட்டுத்தீ வீடியோவாகப் பார்க்கிறாள். 'ரினியூவபிள் எனர்ஜி' என்று பெயர் போட்ட கோர்ஸ்தான் வேண்டுமாம். எதில் சேர்ப்பது?

வணக்கமுங்க.

பாப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 கோடையில் ஈரோட்டில் வெயில் 43 டிகிரியைத் தாண்டியபோது கேபினுக்குள் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரி கூடிப்போன முதல் வருஷமும் அதுதான். அதனால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்று வாயை அடைக்காதீங்க. ராத்திரி ஃபோனை மட்டும் வாங்கி வையுங்க. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்க. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

அவள் கணக்கு தப்புவது வேகத்தில். இந்தியா நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க, அதாவது விடுகிற கார்பனும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாக, வைத்திருக்கும் கெடு 2070. அப்போது இவளுக்கே அறுபது தாண்டியிருக்கும். 2025-ல் நாட்டின் மின் நிறுவுதிறனில் (எல்லா நிலையமும் முழுசாக ஓடினால் தரக்கூடிய அளவில்) பாதி நிலக்கரி, எரிவாயு சாராததாக ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் நாம் செலவழிக்கிற கரண்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில் வருவதே. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சுற்றித் தள்ளும். மற்ற மாசங்களில் பல நாள் சும்மா நிற்கும். சோலார் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடும். ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஃபேன் ஓட மேட்டூர் எரிந்தாக வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இவள் தலைமுறையின் பிழைப்பு.

'சாம்பல் காசு' என்ற பேச்சுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன், அவளிடமே காட்டுங்க. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்தவளுக்குப் புரியும். சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு நிற்கும், கார்பன் டை ஆக்சைடு மேலே போகும். எரிப்பது எதுவானாலும் சரி, கல்லே அந்த வாயுவைக் கக்கும். ஒரு டன் கிளிங்கர் (சூளையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டி) செய்தால், கல்லும் எரிபொருளும் சேர்ந்து முக்கால் டன்னுக்குமேல் கார்பன் டை ஆக்சைடு. அந்த கிளிங்கரில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகத்தான் உங்கள் லாரிச் சாம்பலைக் கலக்கிறார்கள். பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமெண்ட் மூட்டையில் நூற்றுக்கு முப்பத்தைந்து வரை சாம்பல் சேர்க்க அனுமதி உண்டு. நம் ஊர் நிலக்கரியில் டன்னுக்கு முந்நூறு, நானூறு கிலோ சாம்பல் தேறும். லாரி எடுக்காவிட்டால் அது மின் நிலையத்துச் சாம்பல் குட்டையில்தான் போய்ச் சேரும். நிலக்கரி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா ஓட்டும் லாரியிலேயே அவள் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது என்கிறேன்.

லாரிக் கடன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மேட்டூரை மூடினால் தவணை என்னாகும் என்ற கவலையும் இருக்கும். மேட்டூரில் 210 மெகாவாட் யூனிட் நான்கும் 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்தவை, 600 மெகாவாட் யூனிட் 2013-ல் வந்தது. பழையவை முன்னால் ஓய்வு பெறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருஷத் தவணைக்கு பயப்பட வேண்டியதில்லை, பதினைந்து வருஷத் திட்டமாகப் போடாதீங்க.

இப்போது படிப்பு. பெயர்ப்பலகையில் பச்சை பூசிய கோர்ஸ் வேண்டாம். 'ரினியூவபிள்' என்று புதிதாகத் தொடங்கிய சில இடங்களில் நான் போய்ப் பார்த்திருக்கிறேன்: மொட்டைமாடியில் பேனல் பளபளவென்று இருக்கும், இன்வெர்ட்டர் அறை பூட்டியே இருக்கும். சேர்க்கைக்குப் போகும்போது "பிள்ளைகள் அந்த இன்வெர்ட்டரைத் திறந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்க, பதிலில் தெரிந்துவிடும். கூட்டமெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் ஓடுகிறது, நீங்கள் இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) எடுங்க. கோவை ஜி.சி.டி. (அரசு பொறியியல் கல்லூரி) கிடைத்தால் விடாதீங்க. பவர் எலக்ட்ரானிக்ஸும், கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ரிலே பாதுகாப்பும் தெரிந்தவளுக்கு சோலார், காற்றாலை, பேட்டரி, மின்வண்டி சார்ஜர், ஏன், மேட்டூர் அனல் நிலையமே என்றாலும் கதவு திறக்கும். எது முந்தும் என்று இன்றைக்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

காற்றாலை என்றால் கோபுரம் ஏறுவது மட்டும் என்று பயப்படாதீங்க. கணினித் திரையில் ஒவ்வொரு இயந்திரத்தின் கியர் ஆயில் சூட்டையும் பார்த்து, எது மக்கர் செய்யப்போகிறது என்று சொல்லும் வேலையும் உண்டு. தொண்ணூறுகளில் நட்ட சிறு காற்றாலைகளைக் கழற்றிப் பெரிதாக வைக்கவென்றே தமிழக அரசு 2024-ல் கொள்கை கொண்டுவந்தது. அதில் வேலை நிறைய.

என்னைக் கேட்டால், இன்னும் கவனிக்கப்படாத வாய்ப்பு திருப்பூரில் இருக்கிறது. சாயப்பட்டறை பாய்லருக்கு மாசம் எத்தனை லோடு விறகு, ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், இ.பி. யூனிட் எவ்வளவு என்று கார்பன் கணக்குக்காக வெளிநாட்டு பையர் (துணி வாங்குபவர்) படிவம் அனுப்புகிறார். நிரப்புவது பெரும்பாலும் கணக்குப்பிள்ளை. விறகு லோடின் ஈரப்பதம் கேட்டால் அவர் எங்கே போவார்? இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு ஐரோப்பா போடும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டது. பனியனுக்கு அது இல்லை, இரும்பு போல்ட், ஸ்குரூவுக்கு உண்டு. இந்தக் கணக்கைப் பட்டறையில் நின்று போடத் தெரிந்த இன்ஜினியர் நம் பக்கம் குறைவு. பட்டம் முடித்து மூன்று வருஷம் ஆற்றல் சார்ந்த துறையில் வேலை பார்த்தால், மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வையும் எழுதலாம்.

உயிரியல்தான் பிடிக்கும் என்றால் சுற்றுச்சூழல் அறிவியலும் தப்பில்லை, ஆனால் எம்.எஸ்சி. வரை போகத் தயாராக இருக்க வேண்டும்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியா என்று நீங்கள் எழுதவில்லை. ஆமென்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போடுங்க, கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாயும் வரும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காவிட்டாலும், வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்க. கலந்தாய்வு நெருங்கினால் அங்கே கூட்டம் தாங்காது.