மூன்று ஓவர்டிரைவ்களில் எதை வைத்துக்கொள்வது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் டிஎஸ்9, டிஎஸ்808 மறுவெளியீடு, பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 என மூன்று ஓவர்டிரைவ் பெடல்கள் (கிட்டார் ஒலியை முறுக்கித் தரும் கால்மிதிக் கருவிகள்) சேர்ந்துவிட்டன. ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) ஃபெண்டர் வகை. வார இறுதிகளில் ஒரு குழுவோடு வாசிக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் வீட்டில் மாற்றி மாற்றி வாசிக்கும்போது நாளுக்கொன்று சிறந்ததாகத் தோன்றுகிறது. எப்படி முடிவு செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடிவு நாளுக்கு நாள் மாறுவதற்கு முதற்காரணம் ஒலியளவு என்றே நினைக்கிறேன். இரண்டு பெடல்களில் சற்று உரத்து ஒலிப்பதையே நம் காது செறிவானது என்று எடுத்துக்கொள்ளும். குறைந்த ஒலியளவில் கீழ்ஸ்தாயி ஒலிகளுக்குச் செவி மந்தமாகிவிடும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் குமிழ்களை ஒரே இடத்தில் திருப்பி வைப்பதால் ஒலியளவு சமமாகிவிடாது. ஒவ்வொரு பெடலையும் உங்களுக்குப் பிடித்தபடி அமைத்த பிறகு, செல்பேசியில் ஒலியை அளக்கும் செயலி ஒன்றைக் கொண்டு சமன்செய்யுங்கள். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் கருவி இருந்தால் ஒரு வாசிப்பை அதில் பதிந்து, மூன்றுக்கும் அதையே அனுப்பலாம். பெடலை மாற்றும் வேலையை நண்பர் ஒருவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் 808-ஐயும் டிஎஸ்9-ஐயும் பிரித்தறிவது மிகக் கடினம் என்று தெரியவரும். இரண்டும் டியூப் ஸ்கிரீமர்களே, ஏறக்குறைய ஒரே மின்சுற்றுதான். வெளியீட்டுப் பகுதியில் 808-இல் 100 ஓம், 10 ஆயிரம் ஓம் மின்தடைகள் உள்ள இடத்தில் டிஎஸ்9-இல் 470 ஓம், 1 லட்சம் ஓம் மின்தடைகள் உள்ளன. ஆகவே நீங்கள் உண்மையில் ஒப்பிட வேண்டியவை இரண்டு பெடல்கள்தாம். மூன்றில் நல்ல விலைக்குப் போகக்கூடியது 808 என்பதால் அதைத் தயங்காமல் விற்றுவிடலாம்.

எஸ்டி-1-இன் கதை வேறு. டியூப் ஸ்கிரீமரில் எதிரெதிராக வைத்த இரண்டு டயோடுகள் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) ஒலி அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே அளவில் மழுக்குகின்றன. 1981-இல் வந்த எஸ்டி-1-இல் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இரண்டுமாக மூன்று டயோடுகள் இருப்பதால் ஒரு பாதி முந்தி மழுங்குகிறது. அதனால் இரட்டை எண் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, நான்கு மடங்கு போன்ற ஒலிகள்) கூடுகின்றன. என் காதுக்கு எஸ்டி-1 சற்றுக் கரகரப்பாகவும் திறந்தும், டியூப் ஸ்கிரீமர் வழவழப்பாகவும் இறுகியும் ஒலிக்கின்றன. எல்லாத் தந்திகளையும் சேர்த்து மீட்டும்போதுதான் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும்; ஒற்றைத் தந்தியில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

அடுத்தது குழு. டியூப் ஸ்கிரீமர் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருவதால், தனியறையில் அது மெலிந்தும் மூக்கடைத்தும் கேட்கிறது. வீட்டில் வாசித்ததை மட்டும் நம்பி, அடியொலி கனத்த வேறொரு பெடலை வைத்துக்கொண்டு டியூப் ஸ்கிரீமரை நான் ஒருமுறை விற்றுவிட்டேன். அடுத்த ஒத்திகையில் பேஸ் கிட்டாரும் டிரம்மும் என் கிட்டாரை முழுவதுமாக மூடிவிட்டன. ஃபெண்டர் வகை ஆம்பில் இயல்பாகவே நடு அதிர்வெண்கள் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தை இந்தப் பெடல் நிரப்புகிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்புகளுக்கு முன் டியூப் ஸ்கிரீமரை வைத்து வாசித்ததை இங்கே நினைத்துப் பாருங்கள்.

ஆகவே டிஎஸ்9, எஸ்டி-1 இரண்டையும் அடுத்த இரண்டு ஒத்திகைகளுக்கு எடுத்துச் செல்லுங்கள். செல்பேசியை உங்கள் ஆம்பின் அருகே வைக்காமல் டிரம் வாசிப்பவரின் பக்கம் வைத்துப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். முறுக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டி ஆம்பை முடுக்குவதுதான் உங்கள் பழக்கம் என்றால், உங்கள் ஆம்புக்கு நான் டிஎஸ்9-ஐயே வைத்துக்கொள்வேன். ஆம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு முறுக்கம் முழுவதையும் பெடலிலிருந்தே எடுப்பவர் என்றால் எஸ்டி-1 முந்தக்கூடும். அதை விற்றாலும் பெரிய தொகை வராது என்பதால், அந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

அன்புடன்.