‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்று எத்தனை நாள் சொல்வது?

கேள்வி: எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம். 19 ஆண்டுகளாக எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணனுக்கு, வீடு வைக்க ரோட்டோரம் 3 சென்ட் தருவதாக அப்பா என் முன்னால்தான் சொன்னார். உயில் எழுதாமலே போன ஆண்டு இறந்துவிட்டார். இப்போது அந்த இடத்துக்கு நல்ல விலை. “எழுத்தில் ஒன்றும் இல்லையே, ஏதாவது பணம் கொடுத்துவிடு” என்கிறான் தம்பி. அம்மாவும், கட்டிக்கொடுத்த தங்கையும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் “ஜெபித்துச் சொல்கிறேன் அண்ணே” என்கிறேன். போன ஞாயிறு ஆலய வாசலில் கும்பிட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார். மனம் சரியில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

அந்தக் கும்பிடு உங்களைத் தூங்கவிடவில்லை என்றால், அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். கேட்டுக் கேட்டு ஓய்ந்த மனிதர் அவர். இனிக் கேட்கமாட்டார்.

“உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்றார் இயேசு. நம் சபைகளில் ‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்பது ‘இல்லை’ என்பதற்கு நாம் போர்த்தும் வெள்ளைத் துணியாகிவிட்டது. எனக்கு இது மிகவும் வலிக்கிறது. அப்பா சொன்னதை நீங்கள் காதால் கேட்டிருக்கிறீர்கள். இதில் கர்த்தரிடம் கேட்டறிய என்ன மீதி இருக்கிறது?

தம்பி சொல்வது சட்டப்படி சரிதான். வாய்ச்சொல்லால் நிலம் கைமாறாது, பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஆனால் தாவீதை நினைத்துப்பாருங்கள். உன் சந்ததிக்குத் தயவு செய்வேன் என்று தன் நண்பன் யோனத்தானுக்கு வாக்குக் கொடுத்தான். யோனத்தான் போரில் இறந்தபோது மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. தாவீது அழைத்தனுப்பிய நாளில் மேவிபோசேத்தே ஒரு பிள்ளைக்குத் தகப்பன். அத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தன. மேவிபோசேத் கேட்டு வரவில்லை, தாவீதுதான் விசாரித்துத் தேடினான். அவன் தாத்தா சவுலின் நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தான். வாக்கைக் கேட்டவன் உயிரோடு இல்லை, எழுத்தும் இல்லை. சொன்னவனுக்கு நினைவு இருந்தது, அது போதுமாயிருந்தது.

உங்கள் வீட்டில் அந்த நினைவு உங்களிடம் இருக்கிறது. அதை வீட்டாரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அம்மாவையும் தங்கையையும் யாராவது கேட்டீர்களா? உங்கள் ஊரும் அடங்கிய பழைய திருவிதாங்கூரின் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்பிள்ளைக்கும் சம பங்கு உண்டென்பதை 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உயில் இல்லாததால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமம். எனவே தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வாக்கை அவள் காப்பாற்றுவாள் என்றே நினைக்கிறேன். தம்பி கடைசிவரை இணங்காவிட்டால் பாகம் பிரித்து, உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள். நஷ்டம்தான். “ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்” என்று 15-ஆம் சங்கீதம் அந்த நஷ்டத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இடத்தை மாற்றாதீர்கள். பின்னால் பள்ளத்தில் 3 சென்ட் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் யோசனை வரும். அப்பா சொன்னது ரோட்டோரம்.

நாளைக் காலை அவர் பாலெடுத்து முடித்து வாளியை இறக்கிவைக்கும் நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போங்கள். இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு கூட்டிக்கொண்டு ரோட்டோரம் வந்து, அப்பா எந்த இடத்தைக் காட்டினார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.