உண்ணிச்செடி யானைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

கூடலூரில் உண்ணிச்செடியால் (லாண்டானா) செய்த யானைச் சிலைகளை அமெரிக்காவில் வைத்திருந்தபோது என் மகன் படம் எடுத்து அனுப்பினான். தொட்டுப் பார்க்கிறார்கள், கட்டிப்பிடித்து செல்ஃபி எடுக்கிறார்கள். இதனால் நம் காட்டுக்கு என்ன லாபம்? பள்ளியில் பிள்ளைகளோடு இப்படி ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு ஆசிரியை, கோத்தகிரி

அன்புள்ள டீச்சர்,

செல்ஃபி எடுக்கட்டும், அதில் தப்பில்லை. தொட்டுப் பார்க்க வைக்கிற கலை என்றால் அது எதனால் ஆனது, யார் செய்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். உண்ணிச்செடி வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது. இன்றைக்கு முதுமலையில் புல் முளைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கிறது, யானைக்கோ மானுக்கோ அது தீனி ஆகாது. அதை வெட்டி, தண்டை வேகவைத்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி யானையாக்குகிறவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற அந்தக் காட்டு மக்களே. அதுவும் ஏதோ ஒரு யானை இல்லை, தங்கள் ஊர்ப்பக்கம் நடமாடுகிற, அடையாளம் தெரிந்த யானைகளைப் பார்த்துச் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் 100 யானைகள் நியூபோர்ட்டில் தொடங்கி அமெரிக்காவில் ஊர் ஊராகப் போயின. காட்டில் உண்ணிச்செடி இதனால் ஒழிந்துவிடாதுதான், ஆனால் வெட்டிய அளவுக்கு இடம் கிடைக்கிறது, யானையோடு தினமும் வாழ்கிறவர்கள் கைக்குக் கூலி வருகிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

தொட்டுப் பார்க்க வைத்த இன்னொரு வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2015-ல் பாரிஸ் பருவநிலை மாநாடு நடந்தபோது கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் புவியியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் 12-ஐ நடுச் சதுக்கத்தில் வைத்து உருகவிட்டார்கள். ஜனங்கள் தொட்டார்கள், காது வைத்துக் கேட்டார்கள். மனதைத் தொடுகிற வேலை, மறுக்கவில்லை, ஆனாலும் உருகி முடிந்ததும் கிரீன்லாந்தில் யாருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் என் ஓட்டு யானைக்கே.

அப்புறம் உங்கள் பள்ளி. சரிவான இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போடுங்கள், ஒன்றில் புல், இன்னொன்று வெறும் மண். பார்க்க வருகிறவர்கள் தங்கள் கையாலேயே இரண்டிலும் ஒவ்வொரு குடம் தண்ணீர் ஊற்றட்டும். கீழே வழிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து நிறத்தையும் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். புல் போனால் மண்ணும் நீரும் எப்படி ஓடிப்போகும் என்று அதில் தெரியும். நம் மலையில் சோலைக்காட்டையும் புல்வெளியையும் அழித்துச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) தேயிலையும் வைத்த கதையை அந்த இடத்திலேயே பிள்ளைகள் சொல்லட்டும். புல் வேர்பிடிக்க இரண்டு மாதமாவது வேண்டும், அதனால் மே மாதச் சுற்றுலாக் கூட்டத்துக்குக் காட்டுவதென்றால் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். அந்த மாதங்களில் மழை குறைவு, தினமும் நீர் ஊற்ற ஒரு வகுப்பைப் பொறுப்பாகப் போடுங்கள்.